வெயிலுக்கு வாங்கிய தொப்பி தொழில் செலவாகுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த 61 நாள்தான் சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு வைத்தியம் பார்க்கும் காலம். பலகை மாற்றுவது, பைபர் ஒட்டுவது, வெல்டிங், பெயின்ட் என்று எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். கத்திரி வெயிலும் இதற்கு நடுவில்தான் வந்து உட்காருகிறது. கரையில் நிறுத்திய படகுக்குச் சாரம் கட்டி நின்று பெயின்ட் அடிப்பவருக்கு வெயில் இரண்டு பக்கமிருந்து வரும். தலைக்கு மேலிருந்து ஒன்று, அவர் அப்போதுதான் அடித்து முடித்த வெள்ளைப் பலகையிலிருந்து முகத்துக்குத் திரும்புவது இன்னொன்று. முண்டாசு முதல் வெயிலைத் தடுக்கும். இரண்டாவதற்குக் கறுப்புக் கண்ணாடியும் முகத்தில் பூச ஏதாவதும் வேண்டும்.

திருவொற்றியூரில் மொட்டை மாடி ஏறி ஏ.சி. பழுது பார்ப்பவர், மணலியில் வெல்டிங் ஒப்பந்தம் எடுப்பவர், வியாசர்பாடியில் சென்ட்ரிங் வேலை செய்பவர் எல்லோருக்கும் இதே கதைதான். பின்கழுத்தை மறைக்கும் தொப்பி, முழுக்கைச் சட்டை, கையுறை, சன்ஸ்கிரீன், பச்சை வலை, தார்ப்பாய் என்று கோடைக்குக் கோடை செலவு ஏறிக்கொண்டே போகிறது. இதை வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்ட முடியுமா என்று கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள்.

முடியும். ஆனால் எல்லோராலும் முடியாது, எல்லாப் பொருளுக்கும் முடியாது. முடிந்தாலும் நினைக்கிற அளவுக்குப் பணம் மிச்சமாகாது. கடைசியில் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

செலவைக் கழிப்பது என்றால் அரசு அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வரி போடுவது லாபத்தின் மீது. வந்த பணத்திலிருந்து தொழிலுக்காகச் செய்த செலவைக் கழித்தால் மிஞ்சுவது லாபம். செலவு ஒன்றைச் சேர்த்துக் காட்டினால் லாபம் அந்த அளவு குறையும், குறைந்த லாபத்துக்கான வரி மட்டும் மிச்சமாகும். படகு பெயின்டிங் ஒப்பந்தக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு லாபம் ரூ.15 லட்சம், புதிய வரிமுறையில் இருக்கிறார். 2025-26 நிதியாண்டில் 12 முதல் 16 லட்சம் வரையுள்ள பகுதிக்கு வரி 15 சதவீதம். அவர் வெயில் பாதுகாப்புக்காக ரூ.12,000 செலவு காட்டினால் வரியில் ரூ.1,800 குறையும், அதன் மேல் வரும் 4 சதவீதக் கூடுதல் தீர்வையையும் (செஸ்) சேர்த்தால் ரூ.1,872. மீதிப் பத்தாயிரத்துச் சொச்சம் அவர் கைக்காசுதான்.

லாபம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு இந்த ரூ.1,872 கூட இல்லை. புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரியே வராது. இல்லாத வரியில் எதைக் குறைப்பது? தனியாளாக வேலை செய்யும் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு தாக்கல் செய்வது பெரும்பாலும் டிடிஎஸ் பணத்துக்காக, அதாவது கூலி தரும்போதே வரியாகப் பிடித்துக்கொண்ட பணத்துக்காக. நிறுவனங்களுக்கு ஒப்பந்த வேலை செய்தால், தொகை வரம்பைத் தாண்டும்போது, தனிநபருக்குத் தரும் கூலியில் 1 சதவீதத்தைப் பிடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும். அந்தப் பணத்தைத் தவறவிட்டுவிட்டுச் சன்ஸ்கிரீன் பில்லைத் தேடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது, நீங்கள் எந்த வழியில் கணக்கு காட்டுகிறீர்கள் என்பது. சிறு தொழில் செய்பவர்களுக்கு வருமான வரிச் சட்டம் 1961இன் 44ஏடி என்ற பிரிவு ஒரு குறுக்குவழி தருகிறது. ஆண்டு வரவு 2 கோடிக்குள் இருந்தால், ரொக்கமாக வந்த வரவில் 8 சதவீதம், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொண்டு கணக்கு முடிக்கலாம். ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு வரம்பு 3 கோடி. பேரேடு எழுத வேண்டாம், தணிக்கை வேண்டாம். ஐடிஆர்-4 படிவம் போதும். ரூ.18 லட்சம் வரவில் 8 லட்சம் ரொக்கம், 10 லட்சம் யுபிஐ என்றால் லாபம் 64,000 கூட்டல் 60,000, ஆக ரூ.1,24,000. அவ்வளவுதான் கணக்கு.

இந்த வழியில் வருபவர்கள் தொப்பிக்கோ தார்ப்பாய்க்கோ தனியாக ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. மீதி 92 அல்லது 94 சதவீதம் செலவுக்குப் போய்விட்டது என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. பெயின்ட், கூலி, பெட்ரோல், தொப்பி எல்லாம் அதற்குள் அடக்கம். தொப்பியை மறுபடி கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

சரி, தொப்பிக்காக இந்த வழியை விட்டுவிட்டு முழுக் கணக்குக்கு மாறலாமா? யாராவது அப்படி யோசனை சொன்னால் கைகூப்பி அனுப்பிவிடுங்கள். 44ஏடியில் ஒரு முறை கணக்கு காட்டிவிட்டு அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியேறினால், அதன்பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு அந்தக் கதவு மூடிவிடும். வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் பேரேடும் தணிக்கையும் கட்டாயமாகும். தணிக்கைக் கட்டணத்தில் பல கோடைகளுக்குத் தொப்பி வாங்கலாம்.

இந்த வழியில் இருப்பவர்கள் வெயில் செலவை மீட்க வேண்டிய இடம் எஸ்டிமேட். படகுக்காரரிடமோ வீட்டுக்காரரிடமோ விலை சொல்லும்போது பெயின்ட், பிரஷ், சாரம், கூலி என்று போடுகிறோமே, அதில் தார்ப்பாய்க்கும் கையுறைக்கும் ஒரு தொகை இருக்க வேண்டும். பெரும்பாலோர் அதைப் போடுவதில்லை. கேட்டால், “அதையெல்லாம் எப்படிங்க பில்லில் எழுதுவது” என்று கூச்சப்படுகிறார்கள். தனி வரியாக எழுத வேண்டியதில்லை, சதுரஅடி விலையில் சேர்த்தால் போதும். எந்த வரிச் சலுகையையும்விட இதில்தான் அதிகம் கைக்கு வரும் என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 6 அல்லது 8 சதவீதம் என்பது குறைந்த அளவு. அதைவிட அதிகம் சம்பாதித்தவர் அதிகமாகக் காட்டத் தடையில்லை, காட்டுவதுதான் முறையும்கூட. தண்டையார்பேட்டையில் வீட்டுக் கடனுக்கு வங்கியில் போய் உட்காரும்போது ரூ.1,24,000 ஆண்டு வருமானம் என்ற தாளைப் பார்த்து மேலாளர் உதட்டைப் பிதுக்குவார். அப்போது யார் மீதும் கோபப்பட முடியாது.

இனி, முழுப் பேரேடு எழுதி உண்மை லாபத்தைக் காட்டுபவர்கள். பெரிய ஒப்பந்தக்காரர்கள், எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை நிறுவனங்கள், வரம்பைத் தாண்டியவர்கள் இதில் வருவார்கள். இவர்களுக்கான பிரிவு 37(1). சன்ஸ்கிரீன், தொப்பி என்ற பெயர்கள் அதில் எங்கும் கிடையாது. தனியாகப் பட்டியலிடாத எந்தச் செலவுக்கும் பொதுவாக ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். செலவு முழுமையாகவும் பிரத்தியேகமாகவும் தொழிலுக்காகச் செய்ததாக இருக்க வேண்டும். சொந்தச் செலவாக இருக்கக்கூடாது. மூலதனச் செலவாகவும் இருக்கக்கூடாது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 44ஏடி, 37 உட்படப் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. சோதனை அதேதான்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் சொல் ‘பிரத்தியேகமாக’. அதை நீதிமன்றங்கள் எவ்வளவு கறாராகப் பார்க்கின்றன என்பதற்கு ஒரு வழக்கு போதும். மத்திய சட்ட அமைச்சராக இருந்த மூத்த வழக்கறிஞர் சாந்தி பூஷண் தன் இதய அறுவைச் சிகிச்சைச் செலவைத் தொழில் செலவாகக் காட்டினார். இதயம் வேலை செய்தால்தான் வழக்காட முடியும், ஆகவே அது என் தொழிலின் இயந்திரம், சிகிச்சை அந்த இயந்திரத்துக்குச் செய்த பழுதுபார்ப்பு என்பது அவர் வாதம். அது எடுபடாவிட்டால் 37ஆவது பிரிவின்கீழாவது அனுமதியுங்கள் என்றார். டெல்லி உயர் நீதிமன்றம் 2011இல் இரண்டையும் ஏற்கவில்லை. இதயம் மனிதர் எல்லோருக்கும் உயிர்வாழத் தேவை, வழக்காடுவதற்கு மட்டும் பயன்படுவது இல்லை என்று முடிந்தது. உடம்பு நன்றாக இருந்தால்தான் வேலை செய்ய முடியும் என்பது உண்மைதான். அந்த உண்மை மட்டும் உடம்புக்குச் செய்யும் செலவைத் தொழில் செலவாக்கிவிடாது. வெயிலில் தோல் கறுத்து மருத்துவரிடம் போனால் அந்தச் செலவும் இதே காரணத்தால் நிற்காது.

துணிக்கும் இதே கதி உண்டு. இங்கிலாந்தில் ஒரு பெண் வழக்கறிஞர், நீதிமன்றத்துக்கு மட்டுமே உடுத்தும் கறுப்பு உடைகளின் செலவைக் கழிக்கக் கேட்ட வழக்கு, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. உடை மானத்துக்கும் குளிருக்கும்கூடத்தான் என்று 1983இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் சட்டத்தில் இருக்கும் சொற்கள் அங்கிருந்து வந்தவைதான், அதனால் யோசிக்கும் முறை உதவும்.

இப்போது சாரத்தின் மேல் நிற்பவரை ஒரு முறை உற்றுப் பார்ப்போம். வெல்டரின் கறுப்புக் கண்ணாடித் தடுப்பில் சந்தேகமே இல்லை, அதைப் போட்டுக்கொண்டு யாரும் கல்யாணத்துக்குப் போவதில்லை. கழுத்துத் துணி தொங்கும் வேலைத் தொப்பி, கையுறை, கம்பெனிப் பெயர் அச்சடித்த முழுக்கை ஜாக்கெட் ஆகியவையும் நிற்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எடுத்த சாதாரண பருத்திச் சட்டை நிற்காது. முழுக்கை என்பதும், வேலையில்தான் போடுகிறேன் என்பதும் அதைக் காப்பாற்றாது, ஏனென்றால் அது யாரும் எங்கும் உடுத்தும் சட்டை. பவர் கண்ணாடியில் கறுப்புச் சில்லு போட்டது இன்னும் சிக்கல். பார்வைக் குறைக்குச் செய்த செலவு சொந்தச் செலவு. பவர் இல்லாத பாதுகாப்புக் கண்ணாடி வேறு.

சன்ஸ்கிரீன்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அது தோலுக்கும் உடம்புக்கும் ஆனது என்று அதிகாரி சொல்லலாம். வேலை செய்யும் இடத்தின் ஆபத்துக்கு எதிரான பாதுகாப்புப் பொருள் அது, கையுறைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள் சொல்லலாம். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசே 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். என் பார்வையில், வேலைப் பெட்டிக்குள் பிரஷ்களுடன் கிடக்கும், தொழிலின் பெயரில் பில் வாங்கிய ஒரு பெரிய டியூப் நியாயமாக நிற்க வேண்டிய செலவு. வீட்டுக் குளியலறை அலமாரியில் இருந்து குடும்பமே பூசிக்கொள்ளும், முகம் வெளுக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் டியூப் நிற்காது. இரண்டும் ஒரே கம்பெனிப் பொருளாக இருந்தாலும் அப்படித்தான்.

இதைப் பற்றி இணையத்தில் தேடுபவர்களுக்கு ஆஸ்திரேலியச் செய்திகள் நிறையக் கண்ணில் படும். அங்கே நிலைமை வேறு. வெளியில் வேலை செய்தாக வேண்டியவர்கள் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் செலவைக் கழிக்கலாம் என்று 2002இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றது. மறு ஆண்டே வரித்துறை அதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. சம்பளக்காரர்களும் அங்கே கழிக்கலாம். அழகுப் பூச்சில் கொஞ்சம் வெயில் தடுப்பும் இருக்கிறது என்றால் மட்டும் போதாது, முதல் நோக்கமே வெயில் தடுப்பாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. சிட்னியில் வேலை செய்யும் மச்சான் அனுப்பிய வீடியோவை வைத்துக்கொண்டு இங்கே ஆடிட்டரிடம் சண்டை போடக்கூடாது. இந்தியாவில் சம்பளம் வாங்குபவர் தன் கைக்காசில் வாங்கிய தொப்பியைக் கழிக்க வழியே இல்லை. புதிய முறையில் அவருக்குக் கிடைப்பது ரூ.75,000 நிலையான கழிவு. தொப்பி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது கிடைக்கும்.

சம்பளக்காரருக்கு முதலாளி வாங்கிக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஒப்பந்தக்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். தனக்காக வாங்கிய டியூப் சொந்தச் செலவா தொழில் செலவா என்ற வழக்கெல்லாம், கீழே வேலை செய்யும் ஆறு பேருக்கு வாங்கிக் கொடுத்தால் அடங்கிவிடும். தொழிலாளர் நலச் செலவு என்று பேரேட்டில் எழுதலாம். தொப்பி, கையுறை, சன்ஸ்கிரீன், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பதினோரு மணிக்கு வரும் மோர் எல்லாம் அதில் சேரும். யாருக்கு எப்போது கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்தால் கேள்வி கேட்பவருக்கு அதுவே பதில். வரிக்காக இல்லாவிட்டாலும், மே மாதம் மதியம் இரண்டு மணிக்குச் சாரத்தில் ஆள் மயங்கி விழாமல் இருப்பதற்காகவாவது இதைச் செய்யலாம்.

பந்தல் போடும் இரும்புக் குழாய்ச் சட்டம், பெரிய மின்விசிறி போன்றவை பல ஆண்டு உழைக்கும். அவை மூலதனச் செலவில் போகும். முழுத் தொகையையும் ஒரே ஆண்டில் கழிக்க முடியாது, ஆண்டுதோறும் தேய்மானம்தான். இயந்திரம், கருவி வகைக்குப் பொது விகிதம் 15 சதவீதம். மின்விசிறி மின்பொருத்து வகையில் வரும், அதற்கு 10 சதவீதம். ரூ.20,000 கொடுத்து வாங்கிய மின்விசிறிக்கு முதல் ஆண்டு ரூ.2,000. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான், ரூ.1,000. மார்ச் கடைசியில் வெயில் ஏறுகிறதே என்று வாங்கிப் போட்டால் அந்த ஆண்டுக்குப் பாதி. ஏப்ரல் முதல் வாரத்தில் வாங்கி வேலையில் போட்டால் அந்த ஆண்டுக்கு முழுசு. தார்ப்பாயும் பச்சை வலையும் ஒரு பருவத்திலேயே கிழிந்துவிடும், அவற்றை நேரடிச் செலவாகவே எழுதலாம்.

பில் விஷயத்துக்கு வருவோம். மருந்துக்கடையில் சன்ஸ்கிரீன் வாங்கும்போது அதே பில்லில் குழந்தைக்கு இருமல் மருந்தும் வீட்டுக்குச் சோப்பும் சேர்ந்துவிடும். அந்தத் தாளைப் பார்க்கும் எந்த அதிகாரிக்கும் அது வீட்டுச் செலவாகத்தான் தெரியும். தனி பில் கேளுங்கள், தொழிலின் பெயரைப் போடச் சொல்லுங்கள். யுபிஐயில் கட்டினேன், போனில் இருக்கிறது என்றால், பணம் போனதற்குத்தான் அது சாட்சி, என்ன வாங்கினீர்கள் என்பதற்கு இல்லை. நடைபாதைக் கடையில் பில் கிடைக்காது. அங்கே வாங்கிய தொப்பிக்குத் தேதி, பொருள், எண்ணிக்கை, தொகை, எந்த வேலைக்காக என்பதை எழுதிக் கையெழுத்திட்ட வவுச்சர் போதும், தொகை சிறியதாக இருக்கும்வரை. மொத்தமாக வாங்கும்போது ஒரே கடைக்கு ஒரே நாளில் ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு முழுவதும் அடிபடும், பில் இருந்தாலும்கூட.

இன்னொரு கூத்து இருக்கிறது. இப்போது கடைகளில் தரும் வழவழப்பான பில்லில் மை கிடையாது, தாளே சூட்டில் கறுத்து எழுத்தாகிறது. அதை வண்டியின் டேங்க் கவரில் செருகி வெயிலில் நிறுத்தினால் சில வாரங்களில் எழுத்து மங்கியோ தாள் முழுக்கக் கறுத்தோ போயிருக்கும். வெயிலுக்காக வாங்கிய பொருளின் பில்லை வெயிலே தின்றுவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, மாதவாரியாகப் பிரித்து வையுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் சில வரிகள். தொப்பி, கையுறை, தார்ப்பாய் வாங்கிய பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால், கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம், அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் அந்த வரித் தொகையை வருமான வரியில் மறுபடி செலவாகக் காட்டக்கூடாது. ரூ.5,000 பொருளுக்கு ரூ.250 வரி என்றால், வரவு எடுத்தவருக்குச் செலவு ஐயாயிரம், எடுக்காதவருக்கு ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது. தொகுப்பு வரித் (காம்போசிஷன்) திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. உணவு, பானம் வகைக்கும், சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய கட்டாயம் இருந்தால் ஒழிய, வரவு கிடையாது. ஆகவே ஆட்களுக்கு வாங்கிய பாக்கெட் மோர் வருமான வரிப் பேரேட்டில் தொழிலாளர் நலச் செலவாக ஏறும், ஜிஎஸ்டி கணக்கில் ஏறாது.